அரை டன் வண்டியும் அதன் பின்னே ஒரு வீடும்

1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம், அந்நாட்டின் பிரயாண சரித்திரத்தைப் படிப்பவர் கண்ணில் ஒருமுறையாவது படாமல் போவதில்லை. ஆல்ஃபிரெட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சு சைக்கிள் வீரர், அலுமினியத் தகடு பளபளக்கும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றைத் தம் சைக்கிளின் பின்னால் பூட்டிக்கொண்டு, குனிந்து மிதித்து இழுத்துச் செல்லும் காட்சி அது. ஒரு குடும்பம் சமைத்து உண்டு உறங்கத்தக்க வீட்டை ஒரு மனிதர் தம் கால்பலம் ஒன்றினாலேயே நகர்த்திக் காட்டினார் என்பது அக்காலத்து ஜனங்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. டிரெய்லரின் லகுவைப் பறைசாற்ற எடுத்த அந்தப் படமே பின்னர் அக்கம்பெனியின் சின்னமாகவும் ஆயிற்று. ஆனால் படத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கும்போது, சமதரையில் அதை இழுத்த அதே வீரர் ஒரு மலைச்சாலையின் இறக்கத்தில் அகப்பட்டிருந்தால் எதைக் கொண்டு அந்த வீட்டை நிறுத்தியிருப்பார் என்ற கேள்வி எழாமல் இராது. வண்டியின் பின்னே வீட்டைக் கட்டி இழுக்கும் வழக்கத்தின் நூறாண்டுச் சரித்திரம், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடிய சரித்திரமே என்பது என் துணிபு. இழுக்கும் சக்தியை விளம்பரங்கள் ஓயாமல் கொண்டாடின; நிறுத்தும் சக்தியைப் பற்றியும், நேரே ஓடச் செய்யும் உபாயத்தைப் பற்றியும், முதுகில் பாரம் தாங்கும் வலிமையைப் பற்றியும் யோசித்தவர்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரை டன் பிக்கப் டிரக் என்று அமெரிக்கர் அழைக்கும் சாதாரண வண்டி ஒன்று, இருபத்தைந்து அடி நீளமுள்ள வீட்டை மலை தாண்டி இழுத்துச் சென்று பத்திரமாகக் கரை சேர்க்கிறது என்றால், அந்தப் பேசப்படாதவர்களின் உழைப்பே அதற்கு ஆதாரம்.

இறக்கத்தின் பயம் அந்த நாட்டிற்குப் புதிதன்று. மோட்டார் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, 1840-களில் தொடங்கி, கூடாரத் துணி போர்த்த வண்டிகளில் குடும்பம் குடும்பமாக ஒரிகான் பாதையில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட மக்கள், ஏற்றங்களை எருதுகளின் பலத்தால் கடந்துவிட்டு இறக்கங்களின் முன் திகைத்து நின்றார்கள். நெப்ராஸ்காவில் ஆஷ் ஹாலோ என்னும் பள்ளத்தாக்கிற்குள் இறங்கும் விண்ட்லஸ் குன்றில், சக்கரங்களைச் சுழலாதபடி சங்கிலியால் கட்டி, பின்புறத்தில் கயிறு பூட்டி, ஆடவரும் பெண்டிரும் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு வண்டியை மெல்ல மெல்ல இறக்கினார்கள். ஹூட் மலையின் சரிவில் 1846-இல் திறக்கப்பட்ட பார்லோ சாலையில் லாரல் குன்று என்னும் இடம் இதைவிடக் கடுமையானது. அங்கே கயிற்றை மரங்களில் சுற்றி, அந்த உராய்வையே பிரேக்காகக் கொண்டு வண்டிகளை விட்டார்கள். சில வேளைகளில் வெட்டிய மரத்தை வண்டியின் பின்னால் கட்டி இழுபடச் செய்து வேகத்தைத் தணித்தார்கள். முன்னே பூட்டிய சக்தி எவ்வளவு பெரியதாயினும், பின்னே வரும் பாரம் தன் இஷ்டப்படி ஓடத் தொடங்கினால் அதைத் தடுக்கப் பாரத்திடமே ஒரு தடை இருக்கவேண்டும் என்ற பாடம் அங்கேயே கற்கப்பட்டுவிட்டது. மோட்டார் யுகம் அதை மறந்து, மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

முதல் உலக யுத்தம் முடிந்ததும், மலிவாகக் கிடைத்த போர்டு கார்களில் கூடாரத்தையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு பிரயாணம் செய்வது ஒரு மோகமாகப் பரவியது. 1919-இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் டி சோட்டோ பூங்காவில் கூடிய பிரயாணிகள் டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்று பெயர் வைத்து ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களுள் சிலர் தாமே பலகை அடித்து இரட்டைச் சக்கர வண்டிகள் செய்து காரின் பின்னே கட்டினார்கள். அந்தக் காலத்தில்தான், ஆகாய விமானத்திற்குப் பேர் போன கிளென் கர்ட்டிஸ் இந்த விஷயத்தில் தம் புத்தியைச் செலுத்தினார். டிரெய்லரைக் காரின் பின்விளிம்பில் கட்டினால் அது காரின் பின்பகுதியை அழுத்தி முன்பகுதியைத் தூக்கும் என்பதைக் கண்டு, பாரம் பின்அச்சின் மீதே விழும்படியாக, காரின் பின்கூட்டில் ஒரு விமானச் சக்கரத்தைப் படுக்கை வாட்டில் அமைத்து, அதன் மையத் துவாரத்தில் டிரெய்லரின் முளை வந்து பொருந்துமாறு செய்தார். காற்றடைத்த டயரே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஏரோகார் என்னும் அந்த வண்டி செல்வந்தர்களுக்கே எட்டியது; கர்ட்டிஸும் 1930-இல் காலமாகிவிட்டார். ஆயினும் அவர் கண்ட உபாயம், நாற்பது ஆண்டுகள் கழித்து, பிக்கப் டிரக்கின் பெட்டியின் நடுவில் கொக்கி வைத்து இழுக்கும் ஐந்தாம் சக்கர டிரெய்லராக மறுபிறவி எடுத்தது.

சாமானிய ஜனங்களுக்கு டிரெய்லரைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆர்தர் ஷெர்மன். டெட்ராயிட் நகரத்தில் மருந்துக் கம்பெனி நடத்திய பாக்டீரியா விஞ்ஞானி அவர். ஐந்து நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்று நம்பி வாங்கிய கூடார டிரெய்லரை, ஒரு மழைநாளில் குடும்பம் முழுவதும் நனைந்துகொண்டு விரிக்க நேர்ந்த அனுபவத்தின் பலனாக, ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் உள்ள மரப்பெட்டி போன்ற வீடு ஒன்றைத் தாமே திட்டமிட்டுச் செய்வித்தார். அதற்கு அவர் குழந்தைகள் கவர்ட் வாகன் என்று, பழைய ஒரிகான் பாதை வண்டிகளின் பெயரையே சூட்டினார்கள். 1930-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டெட்ராயிட் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தபோது, பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த வேளையிலும் வாங்குவோர் வந்தனர். 1936-இல் அவர் கம்பெனி அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் உற்பத்தி ஸ்தாபனமாக விளங்கியது. ரோஜர் பாப்ஸன் என்னும் பொருளாதார ஆரூடக்காரர், இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்க ஜனத்தொகையில் பாதிப்பேர் சக்கரத்தின் மேல் உள்ள வீடுகளில் வசிப்பார்கள் என்று சொன்னதும் அந்த உற்சாகத்தின் உச்சத்தில்தான். அந்த ஆரூடம் பலிக்கவில்லை.

பலித்தது வேறொரு முயற்சி. விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் என்னும் சிற்றூரில் ஆர்தர் பிராட் வார்னர் என்பவர் இருந்தார். மோட்டார் வண்டிகளுக்கு வேகமானி செய்து பொருள் ஈட்டியவர். 1909-இல் கர்ட்டிஸ் செய்த விமானம் ஒன்றை விலைக்கு வாங்கி அந்த மாநிலத்தில் முதன்முதலாகப் பறந்தவரும் அவரே. வேகத்தை அளக்கும் கருவியால் புகழ் பெற்ற அந்த மனிதர் தம் பிற்காலத்தில் வேகத்தைக் குறைக்கும் கருவியில் நாட்டம் கொண்டு, 1927-இல் மின்சார பிரேக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் தனியான மதிப்பு உண்டாகிறது. அவருடைய பிரேக்கின் தத்துவம் மிக எளியது. சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தை ஒட்டி ஒரு மின்காந்தம் இருக்கும். கம்பி வழியே மின்சாரம் பாய்ந்ததும் அது உருளையைப் பற்றி, அதன் சுழற்சியாலேயே சிறிது இழுபட்டு, அந்த அசைவினால் ஒரு நெம்புகோலைத் தள்ளிப் பிரேக் கட்டைகளை விரியச் செய்யும். டிரெய்லருக்கு இதைவிடப் பொருத்தமான பிரேக் கிடைக்கவில்லை. எண்ணெய்க் குழாயை வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே இணைப்பதும் அவிழ்ப்பதும் பெருந்தொல்லை. ஒரு கம்பியை மாட்டிக் கழற்றுவதோ குழந்தையும் செய்யக்கூடிய காரியம். இன்றைக்கும் அமெரிக்காவில் ஓடும் பிரயாண டிரெய்லர்களுள் மிகப் பெரும்பாலானவை இந்த மின்காந்தப் பிரேக்கையே நம்பி மலை இறங்குகின்றன. கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓட நேரிட்டால், ஒரு சிறு கயிறு இழுபட்டு, டிரெய்லரிலேயே உள்ள பாட்டரியின் மின்சாரத்தால் இந்தப் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்படியும் பின்னர் ஏற்பாடு செய்தார்கள்.

இனி அரை டன் வண்டியின் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1918-இல் செவர்லே கம்பெனி தன் சிறிய காரின் அடிச்சட்டத்தைக் கொண்டு ஆயிரம் ராத்தல், அதாவது அமெரிக்கக் கணக்கில் அரை டன், சுமக்கும் சரக்கு வண்டியை விற்கத் தொடங்கிற்று. போர்டு கம்பெனி 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாடல் டி வண்டியில் இரும்புப் பெட்டி பொருத்திப் பிக்கப் என்ற பெயருடன் 281 டாலருக்கு விற்றது. விவசாயிக்கும் தச்சருக்கும் கறவைப் பண்ணைக்காரருக்கும் அது பொதி சுமக்கும் பிராணியின் ஸ்தானத்தில் அமைந்தது. உல்லாசப் பிரயாணத்திற்கு அதை யாரும் எண்ணவில்லை. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற பிரிவு சுமக்கும் அளவைக் குறித்தது. 1948-இல் போர்டின் எஃப்-1, 1953-இல் அதன் வாரிசான எஃப்-100, 1960-இல் செவர்லேயின் சி-10, 1961-இல் டாட்ஜின் டி-100 என்று வந்தவையெல்லாம் அரை டன் வகுப்பைச் சேர்ந்தவை. இன்று அந்த வகுப்பைச் சேர்ந்த வண்டிகள் ஆயிரத்தைந்நூறு ராத்தலும் அதற்கு மேலும் சுமக்கின்றன. பெயர் மட்டும் பழைய அளவோடு நின்றுவிட்டது.

டிரெய்லரின் உடலமைப்பில் புரட்சி செய்தவர்களும் விமானத் தொழிலிலிருந்தே வந்தார்கள். லிண்ட்பர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ், 1934-இல் ரோட் சீஃப் என்னும் அலுமினிய டிரெய்லரைச் செய்தார். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமும் குறைந்த எடையும் உடையது அது. ஆனால் அதன் வாசல் கொக்கிக்கு மேலே முன்புறத்தில் இருந்தது. அவர் தொழில் நொடித்தபின் அந்த வடிவத்தைத் தொடர்ந்த வாலி பையம், வாசலைப் பக்கவாட்டிற்கு மாற்றி, 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை வெளியிட்டார். எடையையும் காற்றின் எதிர்ப்பையும் குறைத்தால் இழுக்கும் வண்டியின் துன்பம் குறையும் என்பதை நன்றாக உணர்ந்தவர் அவர். 1959-இலும் 1960-இலுமாக, ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்முனைக்கு அருகிலுள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரையில், நாற்பதுக்கு மேற்பட்ட டிரெய்லர்களை அணிவகுத்து நடத்திச் சென்றபோது, சேற்றிலும் ஆற்றிலும் பாறையிலும் அவற்றை இழுத்தவை பிக்கப் டிரக்குகளும் அவற்றை ஒத்த கனத்த வண்டிகளுமே. நகரத்துக் கார் போதாது என்பதை அந்தப் பிரயாணம் உலகத்திற்கு எடுத்துக் காட்டியது.

ஆனால் அமெரிக்காவுக்குள்ளே அந்தக் காலத்தில் டிரெய்லரை இழுத்தது பெரும்பாலும் குடும்பக் காரே. எட்டுச் சிலிண்டர் இயந்திரமும், உறுதியான இரும்புச் சட்டமும், நீண்ட உடலும் கொண்ட கார்கள் மலிந்திருந்த காலம். 1956-ஆம் ஆண்டின் சட்டத்தால் 41,000 மைல் நீளத்திற்குப் பெருஞ்சாலைகள் விரியத் தொடங்கிய காலம். அந்த உற்சாகத்தில் மறைந்திருந்த அபாயத்தை, அந்தச் சட்டத்திற்கு முன்பே, 1954-இல் வெளிவந்த தி லாங், லாங் டிரெய்லர் என்னும் ஹாலிவுட் படம் எல்லாருக்கும் காட்டியது. லூசில் பால், டெஸி ஆர்னஸ் இருவரும் புதுமணத் தம்பதிகளாக நடித்த ஹாஸ்யப் படம் அது. முப்பத்தாறு அடி நீள டிரெய்லரில் மனைவி, போன இடத்திலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கற்களைச் சேகரித்துக் கொள்கிறாள்; கணவன் அவற்றை எறியச் சொல்லியும் ஒளித்துவைக்கிறாள்; சியெரா மலையின் குறுகிய சாலையில் ஏறும்போது அந்தக் கற்களின் பாரமே இருவரையும் பிராணாபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பார்ப்பவர்கள் சிரித்தார்கள். ஆயினும் டிரெய்லர் இழுப்போர் அனைவருக்கும் வேண்டிய சிக்ஷை அந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. பாரம் யாருக்கும் தெரியாமல் சிறுகச் சிறுக ஏறும். மலை வந்தபோதுதான் வெளிப்படும்.

அதே தசாப்தத்தில் விஸ்கான்சினில் எல்மர் ஃப்ரே என்பவர் பத்தடி அகல டிரெய்லரை உண்டாக்கியதும், நிலையாக ஓரிடத்தில் நிற்கும் வீடு வேறு, ஊர் சுற்றும் டிரெய்லர் வேறு என்று இரண்டு தொழில்களாகப் பிரிந்தன. முன்னதைத் தொழில்முறை லாரிக்காரர்களிடம் விட்டுவிடலாம். பின்னதுதான் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரத்தைச் சுற்றிப் பெருகி, அவ்வூரையே அத்தொழிலின் தலைநகராக்கியது. அங்கே கொக்கி செய்யும் பட்டறைகளும் தோன்றின. கர்ட்டிஸ் கண்ட பழைய குறையை, அதாவது பின்விளிம்பில் விழும் பாரம் வண்டியின் முன்சக்கரங்களைத் தூக்கித் திருப்பும் சக்தியையும் பிரேக்கின் பிடிப்பையும் கெடுக்கிறது என்ற குறையை, மலிவான முறையில் தீர்த்தவர்கள் இந்தப் பட்டறைக்காரர்களே. கொக்கியின் இரு பக்கத்திலும் இரண்டு எஃகு வில்தண்டுகளை வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சங்கிலியால் டிரெய்லரின் சட்டத்தில் இறுகக் கட்டினார்கள். அந்தத் தண்டுகள் நெம்புகோல்களாகி, பின்அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை முன்அச்சுக்கும், மற்றொரு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் திருப்பி அனுப்பின. வண்டி மறுபடியும் நேராக நின்றது. பம்பரில் ஒரு குமிழைத் திருகிக்கொண்டு புறப்பட்ட காலம் அத்தோடு முடிந்தது.

கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் விழவேண்டும் என்பதும் அனுபவத்தால் நிர்ணயமாயிற்று. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுபவர், முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்து நோகும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும் என்று பார்த்து ஏற்றுவது போலவே, டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் கொக்கியின் மேல் முன்பாரமாக இருக்கவேண்டும் என்று வகுத்தார்கள். குறைந்தால் வருவது ஊசலாட்டம். பாரம் அச்சுக்குப் பின்னால் குவிந்த டிரெய்லர், குறைந்த வேகத்தில் சாதுவாக வரும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும், பக்கக் காற்றோ கடந்து செல்லும் லாரியோ கொடுத்த சிறு தள்ளலால் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரியதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையே சுழற்றி எறிந்துவிடும். அந்த நிலையில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதும் மனித சுபாவம். இரண்டும் அபாயத்தைப் பெருக்குபவை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மாத்திரம் கைவிசையால் தனியே அழுத்தவேண்டும். அப்பொழுது டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். அந்தக் கைவிசை, வார்னருடைய மின்சாரப் பிரேக்கை டிரைவரின் பக்கத்திலிருந்தே ஆளும் சிறு பெட்டியில் உள்ளது. ஆதியில் அந்தப் பெட்டி காரின் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்தது; பின்னர் வண்டியின் வேகம் தணிவதை ஓர் ஊசலியால் உணர்ந்து வேலை செய்தது; இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் டிரக் கம்பெனிகளே அதைத் தங்கள் வண்டியில் அமைத்துத் தரத் தொடங்கின.

காரிடமிருந்து பிக்கப்பிற்கு இழுவை கைமாறியது எப்படி என்பது இந்தச் சரித்திரத்தின் சுவையான பகுதி. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1975-இல் கார்களின் எரிபொருள் சிக்கனத்தை வற்புறுத்தும் சட்டம் வந்தது. 1977-ஆம் ஆண்டு மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைக் குறுக்கிற்று; மற்றவர்களும் பின்பற்றினார்கள். கனத்த சட்டமுள்ள குடும்பக் கார் ஒவ்வொன்றாக மறைந்து, 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கடைசிப் பெரிய ஸ்டேஷன் வாகனும் நின்றுபோயிற்று. சிக்கன விதிகள் சரக்கு வண்டிகளின் மேல் அவ்வளவு கடுமையாக விழவில்லை. இன்னொரு சட்டமும் எதிர்பாராத பலனைத் தந்தது. மொத்த எடை வரம்பு 6,000 ராத்தலுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அன்று புகை சுத்திகரிப்புக் கருவியும் ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாக இருந்தமையால், அந்த வரம்பைத் தாண்டும்படி வலுவாகச் செய்த எஃப்-150 என்னும் கனத்த அரை டன் வண்டியைப் போர்டு 1975-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்டது. விதியிலிருந்து தப்புவதற்காகக் கூட்டிய வலிமை, டிரெய்லர் இழுக்கும் குடும்பங்களுக்கு உபகாரமாக முடிந்தது. செவர்லே 1971-லேயே அரை டன் வண்டிக்கு முன்சக்கரத் தட்டுப் பிரேக்குகளைக் கொடுத்துவிட்டது. 1977 முதல் போர்டின் எஃப் வரிசை அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் டிரக்காக நிலைபெற்றது. பண்ணைப் பிராணி குடும்ப வாகனமாயிற்று.

அதற்குப் பிறகு வந்தது எண்களின் போட்டி. ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடைய வண்டி இத்தனை ஆயிரம் ராத்தல் இழுக்கும் என்று தன் சொந்தக் கணக்கால் அறிவித்தது. ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கோடு ஒப்பிட வழியில்லை. இந்த நிலையை மாற்றியது மோட்டார் இன்ஜினீயர் சங்கம் 2008-இல் வெளியிட்ட ஜே 2807 என்னும் பொது விதி. அதன்படி, டிரைவரும் துணைக்கு ஒருவரும், தலைக்கு 150 ராத்தல் வீதம், அமர்ந்திருக்க, பாரம் பூட்டிய வண்டி முப்பது விநாடிக்குள் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டவேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் நின்று மறுபடி மறுபடி கிளம்பவேண்டும். ஊசலாட்டம் தானே தணியவேண்டும். எல்லாவற்றிலும் கடுமையான பரீட்சை அரிசோனாவின் 68-ஆம் எண் சாலையில். கொலராடோ நதியின் குறுக்கே உள்ள டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து கோல்டன் வேலி நோக்கி 11 மைலுக்கு மேல் ஓயாமல் ஏறும் அந்தப் பாலைவனச் சாலையில், 100 டிகிரி வெயிலில், குளிர்சாதனக் கருவி முழு வேகத்தில் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி ஏறவேண்டும். 2011-ஆம் ஆண்டு மாடலுக்கு இந்த விதியை முதலில் ஏற்றது டொயோட்டா. அதன் டண்ட்ரா வண்டியின் எண் இறங்கிற்று. மற்ற பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் தயங்கிப் பிறகே வந்தன. தன் எண் குறையும் என்று தெரிந்தும் முதலில் ஒப்புக்கொண்டது நேர்மையான காரியம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இருந்தும், இந்த விதியாலும் தீராத ஒரு மயக்கம் வாங்குவோரிடம் இருக்கிறது. 2021-இல் எஃப்-150 வண்டி, தகுந்த அங்கங்களுடன், 14,000 ராத்தல் வரை இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அரை டன் வண்டி முதலில் தோற்பது இழுப்பதில் அன்று, சுமப்பதில். டிரைவரின் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சள் நிறமுள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மனிதரும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேல் போகலாகாது என்று அது சொல்லும். அந்தச் சீட்டில் 1,600 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள குடும்பம் 600 ராத்தல். கொக்கியும் வில்தண்டுகளும் 100 ராத்தல். சாமான்களும் தண்ணீரும் நிரம்பி 7,000 ராத்தல் உள்ள டிரெய்லரின் முன்பாரம், நூற்றுக்குப் பதின்மூன்று வீதம், 910 ராத்தல். கூட்டினால் 1,610. விளம்பரத்தில் சொன்ன இழுவை வரம்பில் பாதியைத்தான் எட்டியிருக்கிறோம். சுமை வரம்போ அதற்குள் தாண்டிவிட்டது. குழந்தையின் சைக்கிளுக்கும் உணவுப் பெட்டிக்கும் இடமில்லை. டிரெய்லர் விற்பவர் சொல்லும் காலி எடையை நம்புவதும் இதே மயக்கத்தின் மறுபக்கம். நாற்பது காலன் தண்ணீர் மாத்திரமே முந்நூற்று முப்பது ராத்தலுக்கு மேல் கூட்டிவிடும். போர்டு கம்பெனி 2015-இல் எஃப்-150 வண்டியின் மேற்கூட்டை அலுமினியத்தால் செய்து 700 ராத்தல் வரை குறைத்தது. வண்டியின் சொந்த எடை குறைந்த அளவுக்குச் சுமக்க இடம் கிடைக்கும். போலஸ் 1934-இல் டிரெய்லருக்குச் செய்ததை, எண்பது ஆண்டுகள் கழித்து, இழுக்கும் வண்டிக்குச் செய்தார்கள்.

மலை இறக்கத்திற்கும் அரை டன் வண்டியைப் பழக்கியிருக்கிறார்கள். பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் உருளையும் கட்டையும் காய்ந்து பிடிப்பு இழக்கும். ஆகவே இறக்கத்தின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, சிறிய கியரில் போட்டு, இயந்திரத்தின் எதிர்ப்பாலேயே வண்டியை அடக்கி, வேண்டும்போது மட்டும் பிரேக்கை அழுத்தி விடவேண்டும். இழுவை விசை என்று ஒன்றை அழுத்தினால் கியர்ப்பெட்டியே இதைப் புரிந்துகொண்டு நடக்கும் காலம் வந்துவிட்டது. கலிபோர்னியா மாநிலம் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் மணிக்கு 55 மைலையே வரம்பாக வைத்திருக்கிறது. டிரெய்லர் டயர்களுள் பல 65 மைலுக்கு மேல் தாங்கச் செய்யப்படாதவை என்பதால், மற்ற மாநிலங்களின் திறந்த சாலைகளிலும் அந்த வேகத்தைத் தாண்டாமல் இருப்பதே உசிதம்.

நம்மவர் பலர் இன்று அந்த நாட்டில் குடியேறி, விடுமுறையில் எல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் குழந்தைகளோடு போகிறார்கள். டிரெய்லரை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பிக்கப்பில் பூட்டிப் போக எண்ணுவோரும் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அயோவா மாநிலத்தின் வால்காட் என்னும் ஊரில் 1977-இல் தொடங்கிய கேட் ஸ்கேல் கம்பெனியின் எடைமேடைகள் இன்று நாடெங்கும் லாரி நிற்கும் இடங்களில் இருக்கின்றன. முன்அச்சு, பின்அச்சு, டிரெய்லரின் அச்சு ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுத்துக் காகிதத்தில் அச்சிட்டுத் தருவார்கள்; செலவும் பெரிதன்று. குடும்பம் முழுவதும் அமர்ந்து, தண்ணீரும் சாமான்களும் ஏற்றி, புறப்படுகிற கோலத்திலேயே முதலில் அங்கே போய் நிறுத்துப் பாருங்கள். வந்த எண்களைக் கதவுத் தூணில் உள்ள சீட்டோடும், அச்சுகளுக்கு எழுதியுள்ள வரம்போடும் ஒப்பிடுங்கள். மிகுந்தால் சாமானைக் குறையுங்கள். சாமானைக் குறைத்தும் போதாவிட்டால் சிறிய டிரெய்லராகக் கேட்டு வாங்குங்கள்.